ஆஸ்திரேலியாவில் விமானம் ஓட்டக் கற்றல்: முதல் வகுப்பிலிருந்து பொழுதுபோக்கு விமானி உரிமம் வரை

ஆஸ்திரேலியாவில் வேலைக்காக அல்லாமல் மனநிறைவுக்காகச் சிறு விமானம் ஓட்ட விரும்புகிறவருக்கு உகந்த முதல் உரிமம், பயிற்சிப் பள்ளிகளில் ஆர்.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொழுதுபோக்கு விமானி உரிமம். சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம் இதை 2014 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி வழங்குகிறது. இந்த உரிமம் உள்ளவர், 1,500 கிலோவுக்கு மிகாத புறப்பாட்டு எடை கொண்ட ஒற்றை இன்ஜின் விமானத்தைப் பகலில், கண்பார்வையை நம்பி ஓட்டத்தக்க வானிலையில், புறப்பட்ட இடத்திலிருந்து 25 கடல் மைல், அதாவது சுமார் 46 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஓட்டலாம். நம்மவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: இது ஆஸ்திரேலியாவுக்குள் மட்டுமே செல்லும். இதை வைத்துக்கொண்டு சென்னையிலோ கொழும்பிலோ விமானம் ஓட்ட முடியாது. ஆனாலும் இதற்காகப் பறந்த மணிகள் வீணாவதில்லை. பின்னாளில் தனியார் விமானி உரிமத்துக்குப் போகும்போது அவை கணக்கில் சேரும்.

முதல் பறத்தல்

விண்ணப்பம், மருத்துவர், பாடநூல் என்று எதையும் தொடாமல், அறிமுகப் பறத்தல் ஒன்றுக்குப் பதிவு செய்வதே முதல் படி. பெரும்பாலான பள்ளிகள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இதை நடத்துகின்றன. பதிவு செய்யும்போது, சுற்றிப் பார்க்கும் பயணமாக அல்லாமல் பயிற்சி வகுப்பாகவே வேண்டும் என்று சொல்லுங்கள். பயிற்றுநரோடு முறையான வகுப்பாகப் பறந்தால் அந்த நேரம், பறந்த மணிகளைப் பதியும் உங்கள் லாக்புக்கில் முதல் வரியாக ஏறும்.

கூடுமானவரை காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலெழும் காற்று விமானத்தைக் குலுக்கும். கோடைப் பிற்பகலில் மெல்பர்னிலோ சிட்னியிலோ பறந்து, வயிறு புரட்டி, இது நமக்குச் சரிவராது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அதே மனிதர்கள் காலை எட்டு மணிக்குப் பறந்திருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் உண்ணாதீர்கள். இரண்டு இட்லி அளவு போதும். மிதிகட்டையைப் பாதம் உணர வேண்டுமாகையால் அடிப்பாகம் தடிமனாக இல்லாத மூடிய காலணி நல்லது. உங்கள் எடையைக் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். செஸ்னா 152 போன்ற இருவர் அமரும் விமானத்தின் மொத்தப் புறப்பாட்டு எடை வரம்பே 757 கிலோதான். கூச்சத்தில் ஐந்தாறு கிலோவைக் குறைத்துச் சொன்னால் பயிற்றுநரின் கணக்கு தவறிப்போகும்.

விமானத்தில் இடப்பக்க இருக்கை உங்களுடையது, வலப்பக்கம் பயிற்றுநருடையது. இருவருக்கும் முன்னால் ஒரே வகையான கட்டுப்பாடுகள் இருக்கும். இன்ஜினை இயக்கித் தரையில் நகரத் தொடங்கியதும் கார் ஓட்டிப் பழகிய கைகள் தாமாகவே எதிரிலுள்ள பிடியைத் திருப்பும், விமானமோ அதைப் பொருட்படுத்தாமல் நேரே போகும். தரையில் திசை மாற்றுவது காலால்தான்: இடது மிதியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், மிதிகளின் மேல்விளிம்பை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவது. இரண்டாம் மூன்றாம் வகுப்பில் தானே தீர்ந்துவிடும்.

மேலே போனபின் பயிற்றுநர் கட்டுப்பாட்டை உங்களிடம் ஒப்படைப்பதாகச் சொல்வார். நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் கையில் விமானம் இருக்கிறது என்பதில் ஒரு நொடியும் ஐயம் இருக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட இந்த வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பிடியை இறுகப் பற்றாதீர்கள். சரியாகச் சமன் செய்யப்பட்ட விமானம், கையை எடுத்தாலும் தன்போக்கில் நேராகப் பறக்கும். பார்வை கருவிகளின் மேல் அல்ல, தொடுவானத்தின் மேல் இருக்க வேண்டும். விமானத்தின் மூக்குக்கும் தொடுவானத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை மனத்தில் பதிய வைத்துக்கொள்வதே பின்னால் வரும் எல்லாப் பாடங்களுக்கும் அடித்தளம்.

பணமும் காலமும்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பயிற்சியைப் பாதியில் கைவிடுகிறவர்களில் நான் கண்ட பெரும்பாலோர் திறமைக் குறைவால் கைவிட்டவர்கள் அல்லர்.

விதிப்படி இந்த உரிமத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி பயிற்றுநரோடு, 5 மணி தனியாக. ஆனால் 25 மணியிலேயே தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சிலரே. வேலையும் குடும்பமும் உள்ளவர் 35 முதல் 40 மணி வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. பயிற்றுநரோடு சேர்த்து மணிக்கு 380 டாலர் வாங்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டால், 25 மணிக்கு 9,500 டாலரும் 40 மணிக்கு 15,200 டாலரும் ஆகும். மருத்துவச் சோதனை, பாடநூல்கள், ஹெட்செட், தரையிறங்கு கட்டணம், தேர்வாளருக்கான கட்டணம் ஆகியவை இதற்கு மேல்.

என் உறுதியான பரிந்துரை இதுதான்: மாதம் ஒரு வகுப்புக்குப் பணம் கிடைக்கிறது, அதை வைத்து மெல்ல மெல்லக் கற்போம் என்று தொடங்காதீர்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருந்து, தேவைப்படும் தொகையில் முக்கால் பங்கையாவது சேர்த்துக்கொண்டு, அதன்பின் வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்று இடைவெளியில்லாமல் பறங்கள். கை, கால், கண் மூன்றும் சேர்ந்து பழக வேண்டிய கலை இது. வகுப்புகளுக்கு இடையே ஒரு மாதம் போனால் ஒவ்வொரு வகுப்பின் முதல் பாதியும் பழையதை மீட்பதிலேயே கழியும். நான் சர்க்யூட் பயிற்சியின், அதாவது புறப்பட்டு ஒரு சுற்று வந்து இறங்கிப் பழகும் கட்டத்தின், நடுவில் குடும்பக் காரணத்தால் ஏழு வாரம் போகவில்லை. திரும்பியபின் மூன்று வகுப்புகள், அதாவது ஆயிரம் டாலருக்கு மேல், விட்ட இடத்துக்கு வந்து சேரவே செலவாயின. மணிக்கு இருபது டாலர் மலிவான பள்ளியைத் தேடி அலைந்து மிச்சப்படுத்தியது எல்லாம் அந்த மூன்று வகுப்புகளில் கரைந்துபோயிற்று.

சேர்த்த பணத்தைப் பள்ளியில் மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். பத்து மணிக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். பள்ளி மூடப்பட்டால் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம், அப்படி இழந்தவர்களும் இருக்கிறார்கள். வகுப்புக்கு வகுப்பு கட்டுங்கள். மீறிப் போனால் இரண்டு மூன்று வகுப்புக்கு மட்டும் முன்பணம் வையுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

சிட்னியில் பேங்க்ஸ்டவுன், மெல்பர்னில் மூராபின், பிரிஸ்பேனில் ஆர்ச்சர்ஃபீல்ட், அடிலெய்டில் பாராஃபீல்ட், பெர்த்தில் ஜண்டகாட் ஆகியவை பயிற்சிக்குப் பெயர்பெற்ற நகர்ப்புற விமான நிலையங்கள். இவை கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை. நெரிசலான வானில் ரேடியோவில் பேசிப் பழக இவற்றைவிட நல்ல இடம் இல்லை. அதே வேளையில், ஓடுபாதைக்கு முன்னால் இன்ஜின் ஓட வரிசையில் காத்திருக்கும் நிமிடங்களும் உங்கள் பணமே. நகருக்கு வெளியே, கோபுரம் இல்லாத சிறு நிலையங்களில் காத்திருப்பு குறைவு, ஆனால் கோபுரத்தோடு பேசும் பழக்கம் தனியாகக் கற்க வேண்டியதாகிவிடும்.

ஆகவே பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மணிக்கு எவ்வளவு என்பது அல்ல. மணியை எதிலிருந்து எதுவரை கணக்கிடுகிறீர்கள் என்பது. இன்ஜின் ஓடும் நேரமா, சக்கரம் தரையை விட்ட நேரமா என்பதைப் பொறுத்து ஒரே கட்டணத்தின் பொருளே மாறிவிடும். அடுத்து, ஒரே பயிற்றுநர் தொடர்ந்து கிடைப்பாரா, அவர் இல்லாதபோது யார் எடுப்பார், விமானம் பராமரிப்பில் இருந்தால் மாற்று விமானம் உண்டா என்று கேளுங்கள். விமானப் பயிற்சி நடத்துவதற்கான ஆணையத்தின் பகுதி 141 சான்றிதழ் அந்தப் பள்ளிக்கு இருக்க வேண்டும். ஒரு பள்ளியில் அறிமுகப் பறத்தல் செய்தீர்கள் என்பதற்காக அங்கேயே சேர வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் பயிற்றுநர் எங்கே இருக்கிறாரோ அங்கே சேருங்கள்.

மருத்துவச் சோதனையும் ஆவணங்களும்

தொடர் வகுப்புகளுக்குப் பணம் செலவிடும் முன் உடல்தகுதியை உறுதிப்படுத்திக்கொள்வது அறிவுடைமை. ஆணையம் அங்கீகரித்த விமான மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் பெறுவது வழக்கமான வழி. நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு அது நான்கு ஆண்டும், மற்றவருக்கு இரண்டு ஆண்டும் செல்லும். நம் சமூகத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரவலாக இருப்பதால் இதைச் சொல்கிறேன்: அவை இருப்பதாலேயே கதவு மூடிவிடுவதில்லை, ஆனால் மருந்துகளையும் அறிக்கைகளையும் மறைக்காமல் கொண்டுபோக வேண்டும், கூடுதல் சோதனைகளுக்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். 2024 முதல் ஐந்தாம் வகுப்பு என்ற சுய அறிவிப்பு முறையும் இருக்கிறது. இணையவழிப் பயிற்சியை முடித்து, வழிகாட்டியில் விலக்கப்பட்ட நோய்கள் தமக்கு இல்லை என்று உறுதிசெய்கிறவர் மருத்துவரிடம் போகாமலேயே இதைப் பெறலாம். ஆனால் அப்போது விமானத்தில் உங்களையும் சேர்த்து இருவர் மட்டுமே இருக்க முடியும். மனைவி மக்களோடு பறக்கும் எண்ணம் உள்ளவர் இரண்டாம் வகுப்புக்கே போகட்டும்.

ஆணையத்தின் இணைய வாயிலில் பதிவுசெய்து ஏ.ஆர்.என். எனப்படும் விமானத்துறை அடையாள எண்ணை வாங்கிவிடுங்கள். இதற்குப் பின்னால் வரும் எல்லாமே அந்த எண்ணோடு இணைக்கப்படும். உரிமத்துக்கு வேண்டிய பின்னணிச் சோதனைக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் அதற்காகக் காத்திருப்பது எரிச்சலூட்டும். பயிற்சி தொடங்க வயது வரம்பு இல்லை; தனியாகப் பறக்க 15, உரிமம் பெற 16 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத் திறன் மதிப்பீடும் உண்டு. இதை எண்ணி யாரும் அஞ்ச வேண்டாம். உச்சரிப்பு எந்த ஊருடையது என்பது பொருட்டல்ல, சொல்வது தெளிவாகப் புரிகிறதா என்பதே பார்க்கப்படும். உண்மையான சிரமம் ரேடியோவில்தான், அதுவும் பேசுவதைவிடக் கேட்பதில். கோபுரத்திலிருந்து வேகமாக வரும் ஒரு வரியில் ஓடுபாதை, உயரம், உங்களுக்கு முன்னால் போகும் விமானம் எல்லாம் அடங்கியிருக்கும். அதில் முக்கியமானவற்றை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சாலையில் முன்னால் போகும் கார்களின் எண் பலகைகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துமுறையில் படித்துப் பழகுவது எனக்குப் பெரிதும் உதவியது. புரியாவிட்டால் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். ஒருமுறை ஓடுபாதைக்கு வெளியே நிற்கும்படி வந்த கட்டளையை நான் பாதி மட்டும் கேட்டு, புரிந்ததுபோல் பதில் சொல்லிவிட்டேன். பயிற்றுநர் பிரேக்கை அழுத்தி நிறுத்தியபின் என்னிடம் அமைதியாகச் சொன்னது, மீண்டும் கேட்பவரைக் கோபுரத்தில் யாரும் குறைவாக நினைப்பதில்லை என்பதுதான்.

பாடங்களின் வரிசை

கட்டுப்பாடுகளின் விளைவு, நேராகவும் சமமாகவும் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல் என்பவை முதல் நான்கைந்து வகுப்புகள். ஏறும்போது முதலில் இன்ஜின் விசை, பிறகு மூக்கின் நிலை, பிறகு டிரிம், அதாவது கையால் அழுத்திப் பிடிக்காமலேயே விமானம் அந்த நிலையில் நிற்கும்படி சமன் செய்வது. சமநிலைக்கு வரும்போது முதலில் மூக்கின் நிலை, பிறகு விசை, பிறகு டிரிம். இந்த வரிசை வாய்ப்பாடு போல மனத்தில் நிற்க வேண்டும். முழு விசையில் ஏறும்போது விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது மிதியால் அதைச் சரிசெய்ய வேண்டும். மாணவர்கள் நெடுநாள் மறக்கும் ஒன்று இது.

அடுத்து ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை குறையும், மூக்கு தானே தாழும். இதில் இன்ஜின் நின்றுபோவதில்லை, இன்ஜினுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. போதிய உயரத்தில், கீழே ஊர் இல்லாத இடத்தில், சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பார்த்துக்கொண்டபின் இதைச் செய்து காட்டுவார்கள். பிடியை முன்னால் தளர்த்தினால் விமானம் மீள்கிறது என்பதை உடலால் உணர்ந்தவுடன் பயம் பெரும்பாலும் அகன்றுவிடும்.

அதன்பின் வரும் சர்க்யூட் பயிற்சியே இந்தக் கல்வியின் மையம். ஓடுபாதையிலிருந்து புறப்பட்டு, நிலையத்துக்கு மேல் 1,000 அடி உயரத்தில் நீள்சதுரப் பாதையில் சுற்றி வந்து, இறங்கி, நிற்காமல் மீண்டும் புறப்படுவது. ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை செய்யலாம். செஸ்னா 172 எஸ் விமானத்தில் 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மூக்கை உயர்த்தி, 74 நாட்டில் ஏறி, சுமார் 65 நாட்டில் இறுதிக் கட்டத்தில் இறங்குவீர்கள். இறங்கும் வேகத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் தரையிறக்கத்தில் பாதி முடிந்தது. தரைக்கு மிக அருகில் மூக்கை மெல்ல உயர்த்தும் கட்டத்தில், அருகிலுள்ள தரையைப் பார்த்தால் அவசரப்பட்டு இழுத்து விமானத்தை மேலே மிதக்க விடுவீர்கள். ஓடுபாதையின் மறுமுனையைப் பாருங்கள். மிதந்துவிட்டால் கீழே தள்ள முயலாதீர்கள், முழு விசை கொடுத்து மீண்டும் சுற்றி வாருங்கள். பத்துப் பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பின்னும் தரையிறக்கம் கைகூடவில்லை என்று வருந்தும் காலம் ஒன்று ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அப்போது இரண்டு வாரம் ஓய்வு எடுக்கத் தோன்றும்; அதைச் செய்யாதீர்கள். மறுநாளே போங்கள்.

தனியாகப் பறக்கும் நாள்

அதற்கு முன்பு ஓர் எழுத்துத் தேர்வு பள்ளியிலேயே நடக்கும். பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமலேயே, இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் பயிற்றுநர் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வார். ஒரே ஒரு சுற்று. அப்போது நினைவில் வைக்க வேண்டியது, ஓர் ஆளின் எடை குறைந்திருப்பதால் விமானம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட விரைவாகத் தரையை விட்டு எழும், 1,000 அடியை வழக்கத்தைவிட முன்னதாகவே தொட்டுவிடும் என்பது. மற்றபடி செய்ய வேண்டியதெல்லாம் நேற்றுச் செய்ததேதான். இறங்குவது சரியாக அமையவில்லை என்று தோன்றினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் சுற்றலாம்.

உரிமத் தேர்வு

தனிப் பறத்தலுக்குப் பின் அதிகமாகச் சாய்ந்து திரும்புதல், இன்ஜின் நின்றால் வயலில் இறங்குதல், மோசமாகும் வானிலையில் இடம் பார்த்து இறங்குதல், பயிற்சிப் பகுதிக்குத் தனியாகப் போய் வருதல் ஆகியவை வரும். இன்ஜின் நின்றால் செய்ய வேண்டியதைச் சமையலறையில் நாற்காலி போட்டு அமர்ந்து, கையால் தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: முதலில் மிதந்து இறங்கும் வேகம், செஸ்னா 172 எஸ் என்றால் 68 நாட், அடுத்து இறங்க ஓர் இடம், அதன்பின்தான் காரணம் தேடுவதும் ரேடியோவில் சொல்வதும். இந்தப் பயிற்சிக்குச் செலவே இல்லை.

எழுத்துத் தேர்வில் விதிகள், வானிலை, பறத்தலின் இயற்பியல், எடைக் கணக்கு ஆகியவை வரும். செய்முறைத் தேர்வு வாய்மொழிக் கேள்விகளோடு தொடங்கும். உங்கள் பயிற்றுநர் அல்லாத தேர்வாளர் ஒருவர் அன்றைய வானிலை அறிக்கையைக் கொடுத்து, இன்று போகலாமா என்று கேட்பார். பகல் பறத்தலுக்கு அரைமணி நேர எரிபொருளைத் தொடாமல் மீதி வைக்க வேண்டும், அந்திக்குப் பின் கடைசி வெளிச்சம் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்பே தரையிறங்கியிருக்க வேண்டும் என்பன போன்றவை நாவில் இருக்க வேண்டும். எல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட, குறுக்குக் காற்று என் அளவுக்கு அதிகம், ஆகவே போக மாட்டேன் என்று காரணத்தோடு சொல்லும் மாணவரைத் தேர்வாளர் மதிப்பார்.

உரிமம் கைக்கு வந்தபின்

25 கடல் மைல் எல்லையை விரிக்க விரும்பினால், வழிகண்டறிதலுக்கான கூடுதல் தகுதியைப் பயின்று உரிமத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டுக்குட்பட்ட வான்வெளிக்கும் நிலையங்களுக்கும் அப்படியே தனித்தனித் தகுதிகள் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்றுநரோடு மறுமதிப்பீட்டுப் பறத்தல் செய்ய வேண்டும். பயணியை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறை புறப்பட்டு இறங்கியிருக்க வேண்டும். மது அருந்தி எட்டு மணி நேரத்துக்குள் பறக்கக் கூடாது. லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள்.

முதல் பயணி பெரும்பாலும் வீட்டில் ஒருவராகத்தான் இருப்பார், அவரை ஏற்றும் முன் நீங்கள் மட்டும் ஒருமுறை சுற்றி வந்துவிடுங்கள். ஏறியபின், இருக்கை வாரை எப்படிப் பூட்டுவது, எப்படி விடுவிப்பது, கதவை எப்படித் திறப்பது என்பதை அவருக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சொல்லி, அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். முன்னாலிருந்த மிதிகளில் கால் படாமல் இருக்கைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னேன். வாந்திப் பையைக் கையில் கொடுத்துவிடுங்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் நான் பதில் பேச மாட்டேன், ஆனால் வேறு விமானம் எதுவும் கண்ணில் பட்டால் மட்டும் உடனே கையால் காட்டு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.